ஃபிளாஞ்சுக்கு எத்தனை போல்ட்?

பம்புசெட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் செய்துகொடுத்த மென்பொருளில், அடக்க விலை கணக்கிடும் பகுதி என் பொறுப்பு. டேபிள் எளிமையானதுதான்: எந்தப் பாகம், அதற்குள் எந்த உதிரி, எத்தனை. பம்புக்குள் மோட்டார், மோட்டாருக்குள் ரோட்டார், ரோட்டாருக்குள் ஷாஃப்ட் என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு பாகத்தின் விலை என்பது அதன் உதிரிகளின் விலையைக் கூட்டினால் வருவது. ஒரு ஃபங்ஷன் (கணக்கிட்டு விடையைத் திருப்பித் தரும் சிறு நிரல்) எழுதி, உதிரியின் விலையையும் அதே ஃபங்ஷனிடம் கேட்டால் போதும் என்று பத்து வரியில் எழுதிவிட்டேன். நாங்கள் பயன்படுத்திய தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் 5.7 மறுப்பில்லாமல் அதை உருவாக்கிக்கொண்டது. ஓட்டிப் பார்த்தபோதுதான் 1424 பிழை வந்தது: ஃபங்ஷன் தன்னைத்தானே அழைக்கக் கூடாதாம். சரி, ப்ரொசீஜராக மாற்றலாம் என்றால் அதில் அனுமதிக்கும் ஆழம் தொடக்கத்தில் பூஜ்யம், எவ்வளவு ஏற்றினாலும் 255. அது போதும்தான், ஆனால் ப்ரொசீஜரைத் தனியாகத்தான் அழைக்க முடியும், டேபிளிலிருந்து தகவல் எடுக்கும் செலெக்ட் கட்டளைக்குள் வைக்க முடியாதே! எல்லா பம்புகளுக்கும் சேர்த்து ரிப்போர்ட் எடுப்பது எப்படி?

எத்தனை படி என்று முன்கூட்டியே தெரியாத இந்த இறக்கத்தை டேபிள் கேள்விகளுக்கு அடிப்படையான உறவு இயற்கணிதத்தால் மட்டும் எழுத முடியாது என்று கணினி அறிஞர்கள் ஏஹோவும் உல்மனும் 1979-லேயே நிறுவிவிட்டார்கள். தரவுத்தளங்களின் கேள்வி மொழியான எஸ்கியூஎல்லின் தரத்தில் அதற்கு வழி வந்தது 1999-ல். மைஎஸ்கியூஎல்லுக்கு வித் ரிகர்சிவ், அதாவது கிடைத்த விடையை வைத்தே சுற்றுச் சுற்றாக மறுபடி தேடும் கேள்வி, வந்து சேர்ந்தது 2018-ல், 8.0 பதிப்பில். நாங்களும் அதற்கு மாறினோம்.

என் ஃபங்ஷனையே வேறு வடிவில் எழுதினால் போதும் என்று நினைத்தேன். இரண்டு நாள் அதிலேயே போனது. ஃபங்ஷனில் விலை அடியிலிருந்து மேலே ஏறி வரும். இந்தக் கேள்வியோ மேலிருந்து கீழே இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் கிடைத்த வரிசைகளை மட்டுமே பார்க்கும், ரிகர்சிவ் பகுதிக்குள் கூட்டுத்தொகையும் போட முடியாது. ஆகவே கணக்கையே திருப்பிப் போட்டேன். எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டே இறங்கி, விலையோடு பெருக்கிக் கூட்டுவதைக் கடைசியில் வெளியே வைத்தேன்.

அப்புறமும் விலை குறைவாகவே வந்தது. ஸ்டோர்ஸ் அண்ணன்தான் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, ரெண்டு பக்கமும் ஃபிளாஞ்ச் இருக்கு, ஒண்ணுக்கு நாலு போல்ட். நாலே நாலு காட்டுதே?" ஃபிளாஞ்ச் என்பது குழாயைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தட்டு. சுற்றுகளின் விடைகளைச் சேர்க்க நான் யூனியன் என்று எழுதியிருந்தேன். இரு வழியாக வந்த 'போல்ட், 4' என்ற வரிசைகள் ஒன்றுபோல் இருந்ததால் ஒன்றை அது தள்ளிவிட்டது. யூனியன் ஆல் என்று மாற்றியதும் எட்டு வந்தது.

ஆனால் வேறொரு பம்பில் 1001 சுற்றுக்குப் பிறகு கேள்வி நின்றுபோனது. எங்கோ ஒரு பாகம் தன்னையே உள்ளடக்கியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க, வந்த வழியில் உள்ள பாக எண்களை எழுத்துச் சரமாகச் சேர்த்துக்கொண்டு போகலாம் என்றால், டேபிளில் அந்தப் பத்தியின் அகலத்தை முதல் வரிசையே தீர்மானிப்பதால் இரண்டாம் படியிலேயே இடம் போதவில்லை. தொடக்கத்திலேயே காஸ்ட் (வகையையும் அகலத்தையும் குறிக்கும் கட்டளை) போட்டு ஆயிரம் எழுத்துக்கு இடம் விட்டேன். அந்தச் சரத்தில் ஏற்கெனவே இருக்கும் பாகம் மறுபடி வந்தால் அங்கேயே நிறுத்தி, வழியை அச்சிடச் சொன்னேன்.

12, 47, 88, 47 என்று பாக எண்கள் வந்த தாளை அண்ணனிடம் காட்டினேன். 88-இன் மேல் விரலை வைத்தார். "இது சர்வீஸ் கிட். ரோட்டாருக்குக் கீழே மாத்திப் பதிஞ்சுட்டோம்" என்று சொல்லி, அன்று சாயங்காலமே திருத்திக் கொடுத்தார்.