கிட்னிக்காகக் காத்திருந்த நான்கு வருஷம்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்துவிட்டது என்று தெரிந்தபோது அவருக்கு வயது 41. பல வருஷமாகக் கவனிக்காமல் விட்ட பிரஷர்தான் காரணம். மும்பையில், தாராவி தொண்ணூறு அடி ரோடு பக்கம் எங்கள் வீடு. சொந்த ஊர் நாசரேத் பக்கம். நாங்கள் கிறிஸ்தவர்கள்; ஊரில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), இங்கே தமிழ்ச் சபை.

வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம் என்று டயாலிசிஸ் ஆரம்பமானது. ஆரஞ்சு ரேஷன் கார்டு இருந்ததால் மகாராஷ்டிர அரசின் மகாத்மா புலே மருத்துவத் திட்டத்தில் அந்தச் செலவு பெரும்பாலும் கழிந்தது. காய்கறியை நறுக்கி வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைப்பது, இளநீரும் வாழைப்பழமும் கண்ணில் படாமல் வைப்பது, குடிக்கும் தண்ணீரை டம்ளரில் அளப்பது எல்லாம் சீக்கிரமே பழகிவிட்டன. பழகாதது அவருடைய இடது கை. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அங்கே ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருந்தார்கள். தையல் மெஷின் ஓடும்போது மேஜையில் கை வைத்த மாதிரி, தொட்டால் ஓர் அதிர்வு. காதை வைத்தால் 'உஸ் உஸ்' என்று சத்தம். அது நின்றுபோனால் உடனே ஓடி வாருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நடுராத்திரியில் எழுந்து அவர் கையில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி படுப்பேன்.

அற்புதம் நடக்கும் என்று முழு மனதோடு நம்பினேன். ஒருநாள் காலையில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "கிரியாட்டினின் நார்மல்" என்று சொல்வார் (கிட்னி வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் அளவு அது), இதுதான் என் ஜெபம். அந்தச் சமயத்தில் வெளியூரிலிருந்து வந்த ஓர் ஊழியக்காரர், விசுவாசம் உண்மையானால் மெஷினை விட்டுவிடுங்கள் என்றார். நாங்களும் இரண்டு தடவை போகாமல் இருந்தோம். ஐந்தாம் நாள் இரவு அவரால் படுக்க முடியவில்லை. முகம் வீங்கி, உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறினார். விடிவதற்குள் எமர்ஜென்சியில் டயாலிசிஸ் நடந்தது. மறுநாள் எங்கள் சபை ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்து, பைபிளில் வரும் எசேக்கியா ராஜாவைப் பற்றிப் பேசினார். அழுது ஜெபித்த ராஜாவுக்கு ஆண்டவர் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார். அப்போதும் அத்திப்பழ அடையை ராஜாவின் கட்டியின் மேல் மருந்தாக வைக்கும்படிதான் ஏசாயா தீர்க்கதரிசி சொன்னார். அவ்வளவுதான் ஐயர் சொன்னார். அதன்பிறகு ஒரு டயாலிசிஸ்கூட நாங்கள் விடவில்லை. இதைப் படிப்பவர்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் தயவுசெய்து மெஷினை நிறுத்தாதீர்கள்.

என் கிட்னியைக் கொடுக்கிறேன் என்றேன். அவர் ஓ குரூப், நான் பி, பொருந்தாது. ஊரிலிருக்கும் அண்ணனுக்குச் சுகர், அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அப்புறம்தான், மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு கிடைக்கும் பட்டியலில் ஆஸ்பத்திரி மூலம் பதிந்தோம். மும்பையில் அதை மண்டல உறுப்புமாற்று ஒருங்கிணைப்பு மையம் பார்க்கிறது. பதிந்தாயிற்று, இனி போன் வரவேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா என்னை மாஹிமில் இருக்கும் கத்தோலிக்கக் கோயிலுக்கு அழைத்துப் போனார். புதன்கிழமை நொவேனா ஜெபத்துக்கு எல்லா மதத்துக்காரர்களும் வருகிறார்கள். வேண்டுதலுக்குப் படைக்க வாசலில் மெழுகில் வீடு, குழந்தை, கை, கால் என்று விற்கிறார்கள். ஒரு மனித உருவம் வாங்கினேன். எங்கள் சபையில் இந்த வழக்கம் இல்லைதான். ஆனால் கையில் அந்த மெழுகோடு வரிசையில் நின்றபோது, என்னை மாதிரியே எத்தனை பேர் என்று பார்த்து மனது கொஞ்சம் லேசானது.

மூன்றாம் வருஷம் ராத்திரி பதினொன்றரைக்கு அந்தப் போன் வந்தது. சாப்பிடாமல் வரச் சொன்னார்கள். எங்களோடு இன்னும் இரண்டு நோயாளிகளையும் அழைத்திருந்தார்கள். ரத்தம் எடுத்து, அந்தக் கிட்னி யாருக்கு ஒத்துவரும் என்று கிராஸ் மேட்ச் பார்த்தார்கள். விடியும்வரை வராண்டாவில் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வரும்போது படிக்கட்டில் ஒரு பெண் சுவரில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தார். அவர் யாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் போன் அடிக்க வேண்டுமானால் முதலில் யாரோ ஒருவர் வீட்டில் இடி விழுந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருஷமாக நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்?

அன்றிலிருந்து ஜெபிக்க வாய் வரவில்லை. ஐயரின் மனைவி ஐயரம்மாவிடம் போய் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க பாரு பிள்ள, அந்தச் சாவ ஆண்டவர் உனக்காக அனுப்புனாருன்னு யார் சொன்னாலும் நம்பாத. அவ்வளவு துக்கத்துலயும் 'குடுக்கோம்'னு ஒருத்தர் சொல்லுதாங்க பாரு, அதுக்காக ஜெபி. அந்த வீட்டுக்காகவும் ஜெபி" என்றார். மூளைச்சாவு எப்படி உறுதியாகிறது என்று ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளரிடம் பிறகு கேட்டேன். டாக்டர்கள் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்குமாம். அந்த ஆறு மணி நேரமும் வெளியே உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தேன். என் ஜெபம் மாறிய பிறகு பயமும் குறைந்தது. கிடைக்காமலே போகலாம் என்பதை என்னால் ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது.

நான்காம் வருஷம் இரண்டாவது போன். இந்த முறை பொருந்தியது. ஆபரேஷன் முடிந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற நர்ஸ் கட்டிலோரம் தொங்கிய பையைத் தூக்கிக் காட்டினார். அதில் வெளிர்மஞ்சளாக மூத்திரம் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு மேலாக அவருக்கு ஒரு சொட்டு வந்ததில்லை. நான் அங்கேயே முழங்கால் போட்டுவிட்டேன்.

பழைய கிட்னிகள் அப்படியே இருக்கின்றன; புதியது அடிவயிற்றில் வலது பக்கம். புதிய கிட்னியை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க, காலை ஒன்பதுக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை, ஆயுசுக்கும். கொடுத்தவர் யாரென்று எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். வருஷாவருஷம் அந்தத் தேதியை ஒட்டி வரும் ஞாயிறன்று ஸ்தோத்திரக் காணிக்கை கவரில் எங்கள் பெயருக்குக் கீழே, 'பெயர் தெரியாத ஒரு குடும்பத்துக்காக' என்று எழுதிப் போடுகிறேன். ஐயர் அதையும் சேர்த்தே வாசிக்கிறார்.