கேள்வியின் கடைசிச் சொல்

2025 ஜனவரி 6, திங்கள்

சின்னவனின் அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் வந்தன. மூன்றாம் வகுப்பு. கணக்கில் ஏறுவரிசையில் எழுதச் சொன்ன எண்களை இறங்குவரிசையில் எழுதியிருக்கிறான், ஓர் எண்கூட இடம் மாறாமல். தமிழில் 'பொருந்தாததை வட்டமிடுக' என்ற கேள்விக்கு நான்கு சொற்களையும் முத்து முத்தாகத் திரும்ப எழுதி வைத்திருக்கிறான். வட்டம் எங்கேயும் இல்லை.

"கேள்வியப் படிக்கறதே இல்லைங்க, பார்த்ததுமே எழுத ஆரம்பிச்சுடறான்" என்றார் டீச்சர். எண்ணும் எழுத்தும் (எழுத, படிக்க, கணக்குப் போட அடிப்படையாகச் சொல்லித்தரும் அரசுத் திட்டம்) வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள். இவன் மேல் நிலையான மலர். வாசிக்கத் தெரியாத பிள்ளை இல்லை. விடையும் தெரிந்திருக்கிறது. கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை.

ஜனவரி 8, புதன்

இன்று பொழுதோடு அவன் வீட்டுப்பாடம் எழுதும்போது ஒன்றும் சொல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கேள்வியை அவன் படிக்கத் தொடங்குகிறான், ஆனால் முடிப்பதில்லை. 'கீழ்க்காணும் சொற்களில்' என்பது வரை கண் போகிறது. அதற்குள் கீழே வரிசையாகச் சொற்கள் தெரிந்துவிடுகின்றன, கை கிளம்பிவிடுகிறது. நம் மொழியில் என்ன செய்ய வேண்டும் என்பது வாக்கியத்தின் கடைசியில்தானே நிற்கிறது! வட்டமிடுக, நிரப்புக, பொருத்துக, எடுத்து எழுதுக எல்லாமே கடைசிச் சொல். பாதியில் நிறுத்துகிற பிள்ளைக்கு வேலையே தெரியாது. போதாததற்கு, வீட்டில் யாரும் 'வட்டமிடுக' என்று பேசுவதில்லை, 'வட்டம் போடு' என்கிறோம். அந்த '-க' அவன் காதுக்குப் பழக்கமே இல்லை.

ஆகவே ஒரு ஏற்பாடு. பென்சில் என்னிடம் இருக்கும். கேள்வியின் கடைசிச் சொல்லுக்கு அடியில் விரலை வைத்து, அது என்ன செய்யச் சொல்கிறது என்று வீட்டுப் பேச்சில் எனக்குச் சொல்ல வேண்டும். "இதுல இருந்து எடுத்து எழுதோணும்ங்மா" என்றான் முதல் கேள்விக்கு. பென்சிலைக் கொடுத்தேன். அடுத்த கேள்விக்குக் கொஞ்சம் சிணுங்கினான்.

ஜனவரி 11, சனி

பி.எட். படிக்கும் தங்கச்சியிடம் போனில் பேசினேன். ஒரே மூச்சில் மனசில் எத்தனை விஷயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியும் என்று பேச்சு வந்தது. ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956இல் ஏழு, கூடக் குறைய இரண்டு என்று எழுதினாராம். பிற்பாடு ஆராய்ந்தவர்கள் அதை நான்கு அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். அதுவும் பெரியவர்களுக்கு! எட்டு வயசுப் பிள்ளைக்கு இன்னும் கம்மி.

'நோட்டை எடு, தேதி போடு, மார்ஜின் கோடு போடு, கேள்வி வேண்டாம், விடை மட்டும் எழுது, கையெழுத்து வாங்கிட்டு வா.' இது வகுப்பில் வழக்கமாகச் சொல்வது. ஆறு வேலை. நடுவில் ஒன்று நழுவினால் அதைத் திமிர் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஜனவரி 12, ஞாயிறு

மார்கழி முடியப் போகிறது, ஆத்தா (அவன் பாட்டி) தினமும் வெள்ளனே வாசலில் கோலம் போடுகிறார். இன்று சின்னவன் சொல்லச் சொல்ல அவர் போட வேண்டும், அவன் திரும்பிப் பார்க்கவோ கையால் காட்டவோ கூடாது என்று வைத்தோம். 7 புள்ளி, இடுக்குப்புள்ளி 4 வரை.

"நடுவுல ஏழு புள்ளி வைங்க ஆத்தா." வைத்தார். "அப்பறம் ஆறு." ஏழுக்குக் கீழே, நேருக்கு நேராக ஆறு வைத்தார். திரும்பிப் பார்த்தவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "இப்படி இல்லீங் ஆத்தா, இடுக்குல! ரெண்டு பக்கமும்!"

"நீ சொன்னாத்தான சாமி எனக்குத் தெரியும்?"

அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். "ஏழுக்கு மேலயும் கீழயும், ரெண்டு புள்ளிக்கு நடுவுல வர்ற மாதிரி, ஆறு ஆறு வைங்க." இதை அவனே யோசித்து யோசித்துச் சொன்னான். ஒரு சொல் விட்டால் கோலம் மாறிவிடும் என்பதைக் கேட்கிற இடத்தில் இருந்து எத்தனை முறை சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது. சொல்கிற இடத்தில் உட்கார்ந்ததும் புரிந்தது. பிள்ளை வைத்திருக்கிற எல்லாரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஜனவரி 13, திங்கள்

பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக்கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்துக் கொத்துக் கட்டி அப்பாரு (அவன் தாத்தா) அவன் கையில் கொடுத்தார். "மொதல்ல வாசல்ல, அப்பறம் கட்டுத்தறில, கடைசியாக் கெணத்து மேட்டுல." அவன் உடனே ஓடவில்லை. "வாசல், கட்டுத்தறி, கெணறு. சரிங் அப்பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான்.

ஜனவரி 21, செவ்வாய்

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம். பயிற்சித்தாளில் கடைசிச் சொற்களுக்கு அடியில் மட்டும் கோடு போட்டிருக்கிறான். பென்சிலை நான் வாங்கி வைப்பதை நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

'எவையேனும் மூன்றனுக்கு விடையளி.' கீழே ஐந்து கேள்விகள். "அஞ்சு இருக்குதுங்மா, மூணு எழுதுனாப் போதுங்களா?" என்று கேட்டான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எழுத்தில் இருப்பது சரியாகி வருகிறது. வாயால் சொல்வது இன்னும் நழுவுகிறது, அதுவும் முப்பது பிள்ளைகள் சத்தத்தில். டீச்சரைப் பார்த்துப் பேசினேன். வீட்டுப்பாடத்தை இனிமேல் பலகையில் வரிக்கு ஒரு வேலையாக எழுதிப் போடுவதாகச் சொன்னார். இவனை இரண்டாம் வரிசைக்கு மாற்றுகிறார். திங்கட்கிழமையில் இருந்து.