டிஜிபி கேட்டேன், எட்டு ஜிபி என்றார்கள்: கேமிங் லேப்டாப் வாங்கின கதை

முதல் பயணமே வீண். ஞாயிற்றுக்கிழமை லீவுதானே என்று வேலூரிலிருந்து காலை ஆறு மணி பஸ் பிடித்து, கோயம்பேட்டில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் நான் குறித்து வைத்திருந்த மூன்று கடைகளிலும் ஷட்டர் இறங்கியிருந்தது. "ஞாயிறு யாரும் திறக்க மாட்டாங்களே தம்பி, ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே" என்றார் டீக்கடைக்காரர். டீ நன்றாக இருந்தது. அதோடு ஊர் திரும்பினேன்.

அடுத்த வியாழக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். இது 2024 கடைசியில் நடந்தது. பட்ஜெட் ஒரு லட்சம். சைபர்பங்க் 2077 கேம் ஓட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் சிப், 16 ஜிபி ரேம் என்பதுவரை வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். பிராசஸருக்காக ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பெயர் யு என்று முடிந்தால் விட்டுவிடுவது, எச், எச்எஸ், எச்எக்ஸ் என்று முடிந்தால் பார்ப்பது. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 7000 வரிசையில் மட்டும் மூன்றாவது இலக்கத்தைக் கவனியுங்கள். 7840-இல் இருக்கும் 4 புதிய தலைமுறை. 7735-இல் இருக்கும் 3 பழைய சரக்குக்குப் புதுச் சட்டை.

சிக்கல் கிராபிக்ஸில்தான். 4060 என்ற அதே பெயரில் வரும் லேப்டாப் சிப்புக்கு 35 வாட்டும் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம். பிராசஸருக்குத் தேவைப்படாத வாட்டை கிராபிக்ஸுக்குத் திருப்பிவிடும் டைனமிக் பூஸ்ட் சேர்ந்தால் 140 வரை போகும். எவ்வளவு கொடுப்பது என்று லேப்டாப் செய்கிறவர்தான் முடிவு செய்கிறார். ஒல்லியான லேப்டாப்பில் குறைவாகக் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் சூடு தாங்காது. விளம்பர அட்டையில் இரண்டுக்கும் ஒரே ஸ்டிக்கர். இந்த வாட் கணக்கைத்தான் டிஜிபி என்கிறார்கள். கவுண்டரில் நின்ற பையனிடம் கேட்டேன்.

"இதுல டிஜிபி எவ்வளவு?"

"எட்டு ஜிபி ப்ரோ."

"அது விரேம், கிராபிக்ஸ் சிப்போட மெமரி. நான் கேக்குறது டிஜிபி."

பக்கத்தில் நின்றவர் போலீஸ் விவகாரமோ என்று திரும்பிப் பார்த்தார். பையன் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, "4060 ப்ரோ, எல்லா கேமும் பறக்கும்" என்றான். கம்பெனி இணையப் பக்கத்தில் தேடினால் அடிக்குறிப்பில் எறும்பு சைஸில் போட்டிருப்பார்கள். சில மாடலுக்கு அதுவும் கிடைக்காது.

இங்கேதான் எனக்குத் தெரிந்திருந்த ஒரே வித்தை கைகொடுத்தது. காட்சிக்கு வைத்திருந்த லேப்டாப்பை ஆன் செய்யச் சொல்லி, என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்தேன். அதில் சிப்புக்குக் கிடைக்கும் அதிகபட்ச வாட் எழுதியிருக்கும். பையன் பறக்கும் என்ற ஒல்லி லேப்டாப்பில் 60. பக்கத்திலேயே தூசி படிந்து கிடந்த, செங்கல் மாதிரி தடித்த ஒன்றில் 140. விலை வித்தியாசம் மூவாயிரம் ரூபாய், அதுவும் ஒல்லிதான் அதிகம்! ஆனால் 140 என்ற எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 4060 நிஜத்தில் நூறு சொச்சம் வாட்டுக்கு மேல் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 115 கிடைத்தாலே தாராளம்.

தடியனின் திரையும் பளிச்சென்று இருந்தது. விலையைப் பேசி, அடுத்த கடையில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு கொட்டேஷன் கேட்டேன். பையன் அடியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்து மாடல் எண்ணை எழுதி, கடை முத்திரை குத்திக் கொடுத்தான். சுற்றிவிட்டு வந்து அங்கேயே வாங்கினேன். குடோனிலிருந்து சீல் உடைக்காத பெட்டி வந்தது, கார்டு தேய்த்தேன், பில் போட்டார்கள், கிளம்பினேன்.

வீட்டில் ஆன் செய்ததும் அம்மாதான் முதலில் சொன்னாள், "என்னடா, துவைச்ச லுங்கி மாதிரி வெளுத்துக் கிடக்கு?" வால்பேப்பரில் இருந்த சிவப்புப் பூ செங்கல் நிறத்தில் தெரிந்தது. வாட் 140 சரியாக இருந்தது. பெட்டியையும் கொட்டேஷனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாடல் எண்ணில் கடைசி இரண்டு எழுத்து வேறு. அந்த இரண்டு எழுத்துக்கு அர்த்தம், 45 சதவீத என்டிஎஸ்சி திரை. என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் ஒரு திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்று அளக்கும் அளவுகோல்கள். நான் கடையில் பார்த்தது 100 சதவீத எஸ்ஆர்ஜிபி. என்டிஎஸ்சி கணக்கில் சொன்னால் அது சுமார் 72 சதவீதம். அதாவது வாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு திரையைக் கோட்டை விட்டிருக்கிறேன். பணம் கட்டும் முன் பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரை எழுத்தெழுத்தாகப் படித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மூன்றாவது பயணம். "சீல் உடைச்சிட்டீங்களே ப்ரோ, இனிமே சர்வீஸ் சென்டர்தான்." இது பழுதே இல்லை, சர்வீஸ் சென்டர் என்ன செய்யும்? ஒரு மணி நேரம் வாதாடினேன். பில்லில் இருந்தது வந்த பொருளின் எண்தான், அதனால் காகிதப்படி அவர்கள் பக்கம் சுத்தம். கடைசியில் பர்ஸிலிருந்து அந்தக் கொட்டேஷனை எடுத்து நீட்டினேன். முதலாளி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, முத்திரையைத் தடவிப் பார்த்தார். பையனை ஒரு முறை முறைத்தார். "சாயங்காலம் வரைக்கும் இருக்க முடியுமா சார்?" ப்ரோ சார் ஆன அந்த நொடிக்காகவே மூன்று பயணமும் தகும் என்று தோன்றியது. ஏழு மணிக்குச் சரியான பெட்டி வந்தது. சீல் உடைத்ததற்கென்று 1,500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். சண்டை போடத் தெம்பில்லை. இந்த முறை கடையிலேயே பிரித்து, ஆன் செய்து, அதை வீடியோவும் எடுத்துக்கொண்டுதான் நகர்ந்தேன்.

அப்படியும் ஒன்று தப்பியது. கேமில் நகருக்குள் வண்டி ஓட்டும்போது திக்கித் திக்கி நின்றது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பார்த்தால் இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் நிரம்பியிருந்தது. 16 ஜிபியையும் ஒரே குச்சியாகப் போட்டிருக்கிறார்கள். ஒற்றை மாட்டு வண்டிதான், இழுக்கும், ஆனால் வேகம் வராது. அதே அளவில் இன்னொரு டிடிஆர்5 குச்சி வாங்கிப் போட்டதும் திக்கல் பெருமளவு போய்விட்டது. கழற்றும் முன் வாரண்டி விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் மாடலில் ரேம் மாற்றத் தடையில்லை. மக்ஸ் ஸ்விட்ச் இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள், படம் பிராசஸரின் கிராபிக்ஸைச் சுற்றிக்கொண்டு வராமல் நேரே திரைக்குப் போகும்.

சார்ஜர் மட்டுமே ஒரு கிலோவுக்குப் பக்கம் வரும் போல. அதைப் பிடுங்கினால் சிப் சுருண்டு படுத்துவிடுகிறது, பேட்டரியில் கேம் ஆடுவது நடக்காத காரியம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு என்றைக்கு என்று இப்போது எங்கள் தெருவில் முதலில் தெரிந்துகொள்வது நான்தான்.