அவர்கள் ஏன் அங்கே நிறுத்தினார்கள்?

கீனோ ஹில் என்ற வெள்ளிச் சுரங்க மலையில் நிலவியல் வேலைக்குச் சேர்ந்தபோது மலைமேல் பனி இன்னும் உருகியிருக்கவில்லை. அதனால் முதல் சில வாரங்கள் பழைய சுரங்க வரைபடங்களோடுதான் போயின. துணியில் மசியால் வரைந்தவை, நிறம் மங்கிப்போன ப்ளூபிரிண்டுகள், பென்சிலால் குறிப்பெழுதிய நோட்டுகள் என்று பல வகை. எல்லாமே அடிக் கணக்கில். அவற்றைப் பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. தாதுவைத் துரத்திக்கொண்டு மலைக்குள் இவ்வளவு தூரம் குடைந்து வந்தவர்கள், சரியாக இந்த இடத்தில் ஏன் நிறுத்தினார்கள்? அங்கே நான் செய்த வேலை முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

கீனோ ஹில் கனடாவின் யூகான் பிரதேசத்தின் நடுவில் இருக்கிறது. வைட்ஹார்ஸ் நகரிலிருந்து சாலை வழியாக 450 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மேயோ என்ற சின்ன ஊரைத் தாண்டி, எல்சா என்ற ஆளில்லாத சுரங்க ஊரைத் தாண்டி, சாலை முடியும் இடத்தில் கீனோ சிட்டி. பெயரில்தான் சிட்டி. நிரந்தரமாக வசிப்பவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே இருப்பதால் ஜூன் மாதத்தில் இரவே முழுசாக இருட்டாது. மேயோவில் 1947-ல் மைனஸ் 62.2 டிகிரி பதிவாகியிருக்கிறது. அதே ஊரில் 1969-ல் 36.1 டிகிரி வெயில்.

1919-ல் லூயி போவெட் என்பவர் இந்த மலையில் வெள்ளித் தாதுவைக் கண்டு க்ளெய்ம் போட்டார், அதாவது அந்த இடத்தைத் தோண்டும் உரிமையைப் பதிவு செய்தார். அப்போது இதற்கு ஷீப் ஹில் என்று பெயர். அதிலிருந்து வெள்ளி தேடி ஆட்கள் ஓடிவர ஆரம்பித்தார்கள். தோண்டிய தாதுவைச் சாக்கில் கட்டி, குளிர்காலத்தில் உறைந்த பாதையில் மேயோவுக்கு இழுத்து வந்து, ஸ்டூவர்ட் ஆற்றங்கரையில் மலைமலையாக அடுக்கி வைப்பார்கள். ஆற்றில் பனி உடைந்த பிறகு துடுப்புச் சக்கர நீராவிப் படகுகள் வந்து ஏற்றிக்கொள்ளும். இதற்கென்றே 1922-ல் கட்டிய எஸ்.எஸ். கீனோ என்ற படகு இன்றும் டாசன் நகரில் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. அங்கிருந்து யூகான் ஆறு, ரயில், கப்பல் என்று பயணம் செய்து உருக்காலைக்குப் போக வேண்டும். இந்தச் செலவையெல்லாம் தாங்க வேண்டுமானால் சாக்கில் இருப்பது பொறுக்கியெடுத்த தாதுவாக இருக்க வேண்டும். ஆகவே கொஞ்சம் தரம் குறைந்ததை அவர்கள் தொடவே இல்லை. 1920-களின் ஒரு வரைபடத்தில் வேலை நின்றுபோன இடத்தைப் பார்க்கும்போது நான் முதலில் நினைத்துக்கொள்வது இதைத்தான். அங்கே தாது தீர்ந்ததா, இல்லை படகுக்கூலிக்குக் கட்டுப்படியாகாததால் விட்டார்களா?

லிவிங்ஸ்டன் வெர்னெக் தலைமையில் ட்ரெட்வெல் யூகான் நிறுவனம் 1925-ல் மலைமேலேயே ஆலை வைத்தது. வெர்னெக் 1941-ல் விமான விபத்தில் இறந்தார், நிறுவனத்தின் வேலையும் அத்தோடு முடிந்தது. போருக்குப் பிறகு யுனைடெட் கீனோ ஹில் மைன்ஸ் வந்து 1989 வரை நடத்தியது. பக்கத்து மலையான கேலினா ஹில்லில் உள்ள ஹெக்டர்-கேல்யுமெட் சுரங்கம் மட்டும் கிட்டத்தட்ட 9.6 கோடி அவுன்ஸ் வெள்ளி கொடுத்திருக்கிறது. இந்தச் சுரங்க மாவட்டம் முழுவதற்கும் கணக்குப் போட்டால் 20 கோடி அவுன்ஸுக்கு மேல், சராசரியாக டன்னுக்கு ஒரு கிலோவுக்கும் அதிகமான வெள்ளி. உலகத்தில் இப்படிப்பட்ட தரம் அபூர்வம்.

சரி, பாறைக்கு வருவோம். இங்கே முக்கியமான பாறை கீனோ ஹில் குவார்ட்சைட். கடலடி மணல் இறுகி உருவாகி, முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்குள் கிரீன்ஸ்டோன் என்கிற கரும்பச்சைப் பாறை பட்டை பட்டையாக நுழைந்திருக்கிறது. இடையிடையே மென்மையான ஷிஸ்ட் அடுக்குகள். பக்கத்தில் கிரானைட் குழம்பு மேலே வந்து ஆறிய காலத்தையொட்டி, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன், சூடான நீர் வெடிப்புகளில் ஓடி தாதுவைப் படிய வைத்தது என்று கருதுகிறோம். ஈயத் தாதுவான கலீனா, துத்தநாகத் தாதுவான ஸ்பேலரைட், வெள்ளி செறிந்த ஃப்ரைபெர்கைட், இவற்றைச் சுற்றிலும் சிடரைட் என்கிற பழுப்பு நிற இரும்புக் கனிமம். ஃப்ரைபெர்கைட் பார்ப்பதற்குச் சாம்பல் நிறத்தில் சாதாரணமாக இருக்கும். அதில்தான் பணம் இருக்கிறது.

குவார்ட்சைட்டும் கிரீன்ஸ்டோனும் கண்ணாடிபோல உடையும். உடைந்தால் இடைவெளி உண்டாகும், அந்த இடைவெளியில் தாது நரம்பு அகலமாகப் படியும். ஷிஸ்ட் உடையாது, வளைந்து நசுங்கும். அதற்குள் போனதும் அதே நரம்பு கை அகலத்துக்குச் சுருங்கி, சில இடத்தில் வெறும் களிமண் கோடாகிவிடும். ஆகவே "நரம்பு செத்துவிட்டது" என்று பழைய நோட்டில் எழுதியிருந்தால் நான் கேட்பது, முகப்பில், அதாவது குடைவு நின்ற இடத்தில், அப்போது என்ன பாறை இருந்தது என்று. ஷிஸ்ட் என்றால் அதற்கு அப்பால் மறுபடியும் குவார்ட்சைட் வருமா, எத்தனை மீட்டரில் வரும் என்று பார்க்க வேண்டும். அங்கே நரம்பு மறுபடி அகலமாகலாம்.

இன்னொரு காரணம் குறுக்குப் பிளவுகள். தாது நரம்புகள் பெரும்பாலும் வடகிழக்காக ஓடுகின்றன. அவற்றைப் பிற்காலத்தில் வடமேற்குத் திசைப் பிளவுகள் வெட்டி நகர்த்தியிருக்கின்றன. பார்டர் போட்ட சேலையைக் குறுக்கே வெட்டி, ஒரு முழம் தள்ளி வைத்துத் தைத்தால் பார்டர் எப்படித் தெரியும், அப்படி. பிளவில் போய் முட்டிக்கொண்டவர்கள் வலது பக்கம் கொஞ்சம் தேடுவார்கள், இடது பக்கம் கொஞ்சம் தேடுவார்கள், காசு தீர்ந்ததும் விட்டுவிடுவார்கள். அவர்கள் தேடிய குட்டிக் குட்டிக் கிளைகள் வரைபடத்தில் அப்படியே தெரியும். அவற்றைப் பார்க்கும்போது எனக்கு அந்த மனிதர்கள்மேல் பெரிய மரியாதை வரும். மெழுகுவர்த்தி, கார்பைடு விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் எடுத்த ஸ்ட்ரைக் (நரம்பு ஓடும் திசை), டிப் (அது சரியும் கோணம்) அளவுகள் இன்றைக்கும் நம்பும்படி இருக்கின்றன.

அந்த அளவுகளைப் பயன்படுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. காந்த வடக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. யூகானில் அந்த நகர்வு அதிகம். 1950-களுக்கும் இன்றைக்கும் இடையே பத்து டிகிரிக்கும் மேல் வித்தியாசம். பழைய வரைபடத்தில் போட்டிருக்கும் வடக்கு எந்த ஆண்டின் காந்த வடக்கு, இல்லை சுரங்கத்துக்கென்று வைத்துக்கொண்ட தனி வடக்கா என்று முதலில் தெரிய வேண்டும். அதற்காகவே மலையில் ஏறி, இடிந்துபோன சுரங்க வாய்களையும் ஷாஃப்ட் என்கிற பழைய செங்குத்துக் குழிகளையும் தேடிப் பிடித்து ஜிபிஎஸ் அளவு எடுப்போம். மூன்று நான்கு இடங்கள் உறுதியானால் பழைய வரைபடம் முழுவதையும் சுழற்றி, மீட்டராக்கி, புதியதன்மேல் பொருத்தலாம். அப்படிப் பொருந்தி உட்காரும்போது கிடைக்கும் சந்தோஷத்தை இந்த வேலையில் இல்லாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

சுரங்க வாய்களுக்குள் யாரும் நுழையக் கூடாது. அது கண்டிப்பான விதி. மரத் தாங்கிகள் மக்கியிருக்கும், காற்று கெட்டிருக்கும், சிலவற்றில் வாயிலிருந்தே பனிக்கட்டி அடைத்திருக்கும்.

வெளியிலோ பாறை தெரிவதில்லை. வடக்குச் சரிவுகளில் பாசிக்குக் கீழே கை விட்டால் சீக்கிரமே நிரந்தர உறைநிலம். தெற்குச் சரிவுகளில் புதர். பள்ளத்தாக்குகளில் பனியாறுகள் கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும். மலையுச்சிகள் மட்டும் கடைசிப் பனியுகத்தில் பனிக்கு மேலே நின்றவை. அங்கே பாறை உறைந்து உருகி, துண்டு துண்டாக உடைந்து கிடக்கிறது. அதனால் வரைபடம் என்பது பெரும்பாலும் பெயர்ந்து கிடக்கும் கற்களைப் படித்துப் போடுவது. சரிவு எந்தப் பக்கம், மண் எவ்வளவு ஊர்ந்து வந்திருக்கும், இந்தக் கல் மேலே எங்கிருந்து புறப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் யோசிக்க வேண்டும். சிடரைட் மக்கினால் மண் கருப்பாகும், அதிலுள்ள மாங்கனீஸின் வேலை அது. அந்தக் கருப்பு மண்ணும் குவார்ட்சைட் துண்டுகளும் ஒரே வரிசையில் மேலேறிப் போவதைக் கண்டால் அன்றைக்கு மதியச் சாப்பாடு மறந்துவிடும். (ஆகஸ்டிலேயே பனி பெய்யும் இந்த உச்சியில் பட்டாம்பூச்சிகள் ஏராளம். பாறை இடுக்குகளில் பைக்கா என்கிற சிறு பிராணிகள் கீச்சிட்டுக்கொண்டு புல் சேர்க்கும். வேலை நேரத்தில் அவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.)

கனடா நிலவியல் ஆய்வுத் துறையின் ஆர். டபிள்யூ. பாயில் 1950-களில் இந்த மலைகளில் பாறையோடு மண்ணையும் ஓடை நீரையும் ஊற்று நீரையும் சோதித்தார். கண்ணுக்குத் தெரியாத நரம்பு தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலும் நீரிலும் துத்தநாகம், ஆர்செனிக், ஆன்டிமனி என்று தடயம் விடுகிறது என்பதை இங்கே விரிவாகக் காட்டியவர் அவர். பின்னர் சுரங்க நிறுவனம் மேல்மண்ணைத் துளைத்து, பாறை தொடங்கும் மட்டத்திலிருந்து தூள் எடுத்துச் சோதிக்கும் முறையைப் பெரிய அளவில் செய்தது. ஹஸ்கி சுரங்கம் அப்படிக் கிடைத்ததுதான். நாங்கள் இன்றும் அதே பாதையில்தான் நடக்கிறோம். கருவிகள் மட்டும் வேறு.

இந்த மலையின் தாதுவுக்கு முகவரி உண்டு என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. 1963-ல் எல்சா சுரங்கத்திலிருந்து சுமார் 70 டன் உயர்தரத் தாது திருட்டுப் போனது. வேறொரு க்ளெய்மில் தோண்டியது என்று சொல்லி அதை உருக்காலைக்கு அனுப்பினார்கள். அந்தக் க்ளெய்மில் அப்படிப்பட்ட தாது வரவே முடியாது என்பதில் நிலவியலாளர்கள் உறுதியாக நின்றார்கள். கனிமங்கள் எந்தக் கலவையில், எப்படி ஒட்டிக்கொண்டு வளர்ந்திருக்கின்றன என்று பார்த்துப் பழகியவருக்கு, கல் எந்த நரம்பிலிருந்து வந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

எனக்கு மூத்தவர் ஒருவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: "கண்ணால் பார்த்ததற்கு மட்டும் முழுக்கோடு போடு. ஊகித்ததற்குப் புள்ளிக்கோடு. நாளைக்கு ஒருவன் உன் கோட்டை நம்பி டிரில் மெஷினைக் கொண்டுபோய் நிறுத்துவான்." பழைய வரைபடங்களில் இந்த ஒழுக்கத்தைக் காப்பாற்றியவை எவை, காப்பாற்றாதவை எவை என்று சீக்கிரமே தெரிந்துபோகும். முகப்பில் நின்ற தேதி, பாறையின் பெயர், நரம்பின் அகலம், நிறுத்தியதன் காரணம் ஆகிய நான்கும் எழுதியிருந்தால் அந்தத் தாள் தங்கம்.

அப்படி எழுதிவைத்ததன் பலனை பெர்மிங்ஹாமில் பார்க்கலாம். கேலினா ஹில்லில் பல பத்தாண்டுகள் தோண்டி விட்டுவிட்ட பழைய சுரங்கம் அது. நரம்பைப் பிளவுகள் எங்கே வெட்டின, எந்தப் பக்கம் நகர்த்தின என்று மறுபடியும் அலசி, 2010-களில் ஆழமாக டிரில் செய்தபோது, பழைய வேலைகளுக்குக் கீழே உயர்தரத் தாது தொடர்ந்தது. மாவட்டத்தின் சுரங்கங்களை 2022-ல் ஹெக்லா என்ற சுரங்க நிறுவனம் வாங்கியது. இப்போது அங்கிருந்து தாது எடுக்கிறார்கள்.

இந்த வரைபடங்களுக்கு இன்னொரு அவசரத் தேவையும் இருக்கிறது. கைவிட்ட சுரங்க வாய்கள் சிலவற்றிலிருந்து துத்தநாகம் கலந்த நீர் ஓடைகளுக்கு வடிகிறது. சுண்ணாம்பு கலந்து சுத்திகரிக்கிறார்கள். இது நாச்சோ ந்யாக் டன் பழங்குடியினரின் பாரம்பரிய நிலம். 1993-ல் அரசுகளோடு நில ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள். வெள்ளி வெளியே போய்விட்டது, தண்ணீர் அவர்களிடம் இருக்கிறது. எந்தக் குடைவு எந்தக் குடைவோடு உள்ளே இணைகிறது என்று தெரியாமல் ஒரு வாயை அடைத்தால் நீர் மலையின் வேறு பக்கத்தில் கசியும். அதற்கும் பழைய தாள்களைத்தான் விரிக்க வேண்டியிருக்கிறது. தாதுவைத் தேடுவதற்குக் கொடுக்கும் அதே நேரத்தையும் பணத்தையும் இதற்கும் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எல்சாவில் வேலை பார்த்தவர்கள் 1989-க்குப் பிறகு நாடு முழுக்கச் சிதறிப்போனார்கள். அவர்களுடைய பெட்டிகளில், பரண்களில் இன்னும் நோட்டுகளும் சுருட்டி வைத்த வரைபடங்களும் இருக்கும். கீனோ சிட்டியில் சுரங்க அருங்காட்சியகம் இருக்கிறது, வைட்ஹார்ஸில் யூகான் நிலவியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். பக்கங்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை, பிரிக்காமல் அப்படியே கொடுத்துவிடலாம்.