வால்வுக்காரருடன் ஆறு மாதம்

எங்கள் குடிநீர் விநியோகப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வால்வு வேலை பார்த்தவர் ஓய்வு பெற ஆறு மாதம்தான் பாக்கி. அவருக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டு எழுதி வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் நாற்பது கேள்விகளோடு ஒரு படிவம் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஒன்றரைப் பக்கம் வந்தது. அதில் ஒரு வரி: 'வால்வை மெதுவாக மூட வேண்டும்.' எவ்வளவு மெதுவாக என்று கேட்டேன். "அது கைக்குத் தெரியும் தம்பி" என்றார். சொல்ல மனமில்லாமல் மழுப்புகிறார் என்று அப்போது தோன்றியது. இப்போது அப்படி நினைக்கவில்லை.

சரி, படிவத்தை ஓரம் வைத்துவிட்டு, வாரம் இரண்டு நாள் அவர் பின்னாலேயே போனேன். கேட் வால்வில் திருகத் திருக உள்ளே ஒரு தகடு இறங்கி ஓட்டத்தை அடைக்கும். அதன் அங்குல அளவை மூன்றால் பெருக்கி இரண்டைக் கூட்டினால் மூடுவதற்கான சுற்றுகள் கிட்டத்தட்ட வந்துவிடும். 12 அங்குலத்துக்கு 38. ஒரு நாள் அப்படிப்பட்ட வால்வு ஒன்று 30லேயே இறுகி நின்றது. நான் முட்டுக்கொடுத்துத் திருகப் போக, கையைத் தட்டிவிட்டார். அடியில் மண் தங்கியிருக்குமாம். நாலைந்து சுற்று திறந்து மறுபடி மூடினால், இடுக்கில் வேகமாக ஓடும் தண்ணீரே மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். அப்புறம், ஓட்டம் பெரும்பாலும் குறைவது கடைசிச் சில சுற்றுகளில்தான். அங்கே அவசரப்பட்டால் அழுத்தம் திடீரென ஏறி, குழாய் வேறெங்கோ வெடிக்கும். அவர் எழுதிய 'மெதுவாக' அதுதான்.

இரண்டு வால்வுகள் இடப்பக்கம் திருகினால் மூடும். ஒன்றின் மூடி சாலைத் தாருக்கு அடியில் போய்விட்டது. எதுவும் வரைபடத்தில் இல்லை.

"தெரிந்ததைச் சொல்லுங்கள்" என்றால் அவருக்கு வாயே வராது. "புதுப் பையன் இங்கே என்ன தப்பு செய்வான்?" என்று கேட்டால் நிறுத்தவே முடியாது. போனில் பதிவு செய்து, இரவே எழுதி, மறுமுறை படித்துக் காட்டுவேன். என் தப்புகளைத் திருத்தும்போதுதான் புது விஷயங்கள் வெளியே வந்தன. கடைசி இரண்டு மாதம் நான் திருகினேன், அவர் பார்த்தார். சும்மா நிற்பது அவருக்குப் பெரும்பாடு.

அவர் இடத்துக்கு ஆள் வந்தது, அவர் போன பிறகு. அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சில மாதம் கழித்து ஒரு பிரதான குழாயைப் பழுதுபார்த்து மறுபடி தண்ணீர் நிரப்பினோம். வீடுகளில் பால் மாதிரி வெள்ளையாக வந்தது. காற்று வெளியேறாமல் கலந்துவிட்டது. அவருக்குப் போன் போட்டேன். "ஏர் வால்வில் சீறல் நிற்கிறவரை காத்திருந்தியா?" என்றார்.

என் குறிப்பில் அது இல்லை. பழைய பதிவைத் தேடிப் போட்டேன். பேச்சே இல்லை என்று நான் ஓட்டிவிட்ட இருபது நிமிடத்தில், பின்னணியில் அந்தச் சீறல் மெல்லக் குறைந்துகொண்டே போகிறது.