பாபநாசத் துறையில் விடப்படும் துணிகள்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, காட்டையும் அணைகளையும் கடந்து சமவெளிக்கு இறங்கும் மலையடிவாரத்தில் பாபநாசநாதர் உலகம்மையோடு எழுந்தருளியிருக்கிறார். தாமிரபரணிக் கரையின் ஒன்பது சிவத்தலங்களான நவகைலாயங்களில் முதலாவதான இத்தலம் சூரியனுக்குரியது. இந்திரனைப் பிடித்திருந்த பிரம்மஹத்தி தோஷம், அதாவது பிராமணரைக் கொன்ற பாவம், இங்கேதான் நீங்கியது என்கிறது தலபுராணம். கருவறைக்குப் பின்னே, அகத்தியரும் லோபாமுத்திரையும் வணங்கி நிற்க, கல்யாண சுந்தரர் திருமணக்கோலம் காட்டுகிறார்.

அம்மன் சந்நிதி முன்னுள்ள உரலில் பெண்கள் விரலி மஞ்சளை இடித்துக்கொண்டிருந்தார்கள். அபிஷேகத்துக்கான அந்தப் பொடி, மண்ணில் விளைந்து நீரில் கரைந்து மறுபடி மண்ணில் சேர்வது. நம் வழிபாட்டுப் பொருள்கள் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தன.

தரிசனம் முடித்துக் கோயிலுக்கு எதிரே உள்ள படித்துறைக்கு வந்தோம். பொரியை அள்ளிப் போட்டதும், கை நீளம் உள்ள மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு வந்தன. அவை சாமியின் மீன்கள் என்பதால் அங்கே தூண்டில் போட யாருக்கும் மனம் வராது. காவலும் அபராதமும் செய்ய முடியாததைப் பக்தி செய்து முடித்திருக்கிறது. ஆனால் அதே மீன்களுக்கு நடுவே, பாறை இடுக்கில் சிக்கிய ஒரு நைலான் புடவை நீரோட்டத்தில் நெளிந்துகொண்டிருந்தது. சற்றுக் கீழே இறங்கியபோது வேட்டியோ துண்டோ தெரியவில்லை, பாசி படிந்து காலைச் சுற்றிக்கொண்டது. பரிகாரத்துக்கு வருகிறவர்கள், நீராடிய ஆடையைத் தோஷம் அதோடு போகட்டும் என்று ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். பருத்தித் துணியாவது காலப்போக்கில் மட்கிவிடும். பாலியஸ்டர் மட்காது, நூல் நூலாகப் பிரிந்து நீரிலேயே தங்கிவிடும். தன்னார்வலர்கள் அவ்வப்போது இறங்கி மூட்டை மூட்டையாக வெளியே எடுக்கிறார்கள். எடுத்த இடம் அடுத்த அமாவாசையிலேயே நிறைந்துவிடுகிறது.

தர்ப்பணம் செய்துவைத்த பெரியவரிடம், “சாமி, துணியை ஆற்றில் விட்டால்தான் பரிகாரம் நிறைவேறுமா?” என்று கேட்டேன். “நான் யாரையும் விடச் சொல்வதில்லை தம்பி. முன்னால் போனவர் விட்டதைப் பார்த்துப் பின்னால் வருகிறவர் விடுகிறார்” என்றார். நீராடும்போது நெறியறிந்தவர் நீரில் உமிழவும் மாட்டார் என்று ஆசாரக்கோவை விதித்திருக்கிறது. எச்சிலுக்கே தடை என்றால் புடவைக்கு ஏது அனுமதி? பாவநாசத் திருக்குறுந்தொகை என்றே பெயர் பெற்ற பதிகத்தில் (அது இந்த ஊருக்கென்று பாடியதல்ல, பொதுப் பதிகம்) அப்பர் பெருமான், கங்கையில் ஆடினாலும் காவிரியில் ஆடினாலும், எங்கும் ஈசன் இருக்கிறான் என்று உணராதவருக்குப் பயனில்லை என்கிறார். எங்கும் என்றால் துறைக்குக் கீழே ஓடும் நீரிலும்தானே? அந்த நீர்தான் நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீராகி, வழிநெடுக வயல்களில் பாய்ந்து, புன்னக்காயலில் கடல் சேர்கிறது. நாம் கழித்துவிட்டதாக நினைப்பது இன்னொருவர் வாசலுக்குப் போகிறது.

அங்கிருந்து சொரிமுத்து அய்யனாரைக் காண மலையேறினோம். 1988 முதல் புலிகள் காப்பகமாக உள்ள காட்டுக்குள் அவர் கோயில் இருப்பதால், வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பைகளை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். முணுமுணுத்தவர்கள் உண்டு, ஆனால் பை இல்லாததால் யாருடைய வழிபாடும் நின்றுவிடவில்லை.

படித்துறையில் இன்னொரு சோதனைச் சாவடி வைப்பதைவிட, பரிகாரம் சொல்லும் சோதிடர்களும் புரோகிதர்களும் ஆற்றில் விடுவதற்குப் பதிலாக வஸ்திர தானம் என்று சொல்லத் தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். அதற்குப் புது மந்திரமோ புது நம்பிக்கையோ தேவையில்லை. தானங்களின் வரிசையில் ஆடை தானம் ஏற்கெனவே இருக்கிறது. நனைந்ததைப் பிழிந்து வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்; புதிதாக ஒன்று வாங்கி, படித்துறையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் கையில் கொடுக்கலாம்.