வாலுக்குப் பத்து ஷில்லிங்

ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் தன் துப்பாக்கியின் எடையைச் சொல்லும் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 21 இறாத்தல். உள்ளே போகும் குண்டு நான்கு அவுன்ஸ். 1854இல் வெளியான அவருடைய இலங்கை வேட்டைக் குறிப்புகளில் மின்னேரியாக் குளம் வருகிறது. கந்தளாய்க் காட்டைக் கடந்து கொழும்பு பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் பார்க்கும் அதே பகுதி.

1821இல் லண்டனில் பிறந்தவர். 1848இல் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் கொண்டுவந்து நுவரெலியாவில் பண்ணை அமைத்தார். பிறகு ஆப்பிரிக்கா. இன்றைய பல்கேரியாவிலுள்ள விடின் நகரத்து அடிமைச் சந்தையிலிருந்து மீட்ட புளோரன்ஸ் என்ற பெண்ணுடன் நைல் நதியின் வழியே நடந்து, 1864 மார்ச் 14 அன்று ஆல்பர்ட் ஏரியைக் கண்டார். 1869 முதல் 1873 வரை எகிப்தின் ஆட்சியாளருக்காக மேல் நைல் பகுதியான ஈக்வடோரியாவின் ஆளுநராக இருந்து அடிமை வணிகத்தோடு மோதினார். அந்தப் பேக்கரை நான் மனமார மதிக்கிறேன். மனிதனுக்கு விலை வைப்பதைப் பொறுக்காதவர் அவர்.

ஆனால் யானைக்கு விலை இருந்தது. வாலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அரசாங்கம் பத்து ஷில்லிங் கொடுத்ததாகவும், பின்னர் சில மாவட்டங்களில் அது ஏழாகக் குறைந்ததாகவும் அவரே எழுதுகிறார். பயிரை அழிக்கும் விலங்கு என்பதுதான் அந்தப் பணத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம். அதாவது, எங்களைப் போன்ற வயற்காரர்களின் பெயரால்.

என் அப்பப்பா தம்பலகாமத்து வயற்காரர். மாரி விதைப்பில் கதிர் பால் பிடிக்கத் தொடங்கினால் வீட்டில் படுக்கமாட்டார், பரணில்தான் படுப்பார். எனக்கு ஒன்பது வயதில் ஒருமுறை அடம்பிடித்துக் கூடப் போனேன். நடுச்சாமத்தில் மூன்று யானைகள் வந்தன. பக்கத்துப் பரண்களில் தகரம் தட்டினார்கள், வெடி கொளுத்தினார்கள். அப்பப்பா பந்தத்தை உயர்த்திப் பிடித்தபடி, “பிள்ளையாரே, போதும், பிள்ளைகள் சாப்பிட வேண்டும், போங்கோ” என்று கூப்பிட்டார். அவர் குரல் நடுங்கியது. என் கையை விடவேயில்லை.

அவை உடனே போகவில்லை. கிழக்கு வரம்போரம் கால் ஏக்கர் போய்விட்டது.

விடிந்ததும் அப்பப்பா சேற்றில் இறங்கினார். யானைக் காலடிக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் விளிம்பில் சாய்ந்து கிடந்த கதிர்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, எது பிழைக்கும் என்று பார்த்துக்கொண்டே போனார்.